றோபோவுக்கு மாதம் 50 டொலர் கொடுக்கலாமா?

கேள்வி: மெற்றா டிரேடர் 5 என்ற நாணய வர்த்தக மென்பொருளில் தானாக வாங்கி விற்கும் றோபோ நிரல் ஒன்று மாதம் 50 டொலர் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆயுட்கால உரிமம் என்றால் 600 டொலர். இன்னொருவரோ, தான் சொல்லும் தரகரிடம் கணக்குத் திறந்தால் தன் றோபோவை இலவசமாகவே தருவதாகச் சொல்கிறார். என்னிடம் இருப்பது 1,000 டொலர். எது மலிவு?
- வாசகர், கொக்குவில்

பதில்: றோபோவின் விலையை விடுங்கள், உங்கள் முதலீட்டுக் காசைப் பாருங்கள். மாதம் 50 என்றால் வருடத்துக்கு 600, அதாவது போட்ட காசில் 60 வீதத்தை றோபோ உழைத்துத் தன் வாடகையையே கட்டவேண்டும், அதற்கு மேல் வந்தால்தான் உங்களுக்கு ஒரு சதம். ஒரு லட்சம் டொலர் வைத்திருப்பவருக்கு அதே வாடகை 0.6 வீதம், தேத்தண்ணிக் காசு. ஆயுட்கால உரிமம் என்கிறார்களே, யாருடைய ஆயுள்? எழுதியவர் அதைத் திருத்துவதை நிறுத்தும் நாள்வரைதான்.

இலவசம்தான் எனக்கு இன்னும் பயம். மெற்றா டிரேடரும் நமக்கு இலவசம்தான். அதற்கான உரிமக் கட்டணத்தைத் தரகர் கட்டுகிறார், பிறகு வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள ஸ்பிரெட்டில் நம்மிடம் எடுத்துக்கொள்கிறார். கணக்குப் பாருங்கள்: யூரோ-டொலரில் 0.1 லொட்டுக்கு, அதாவது 10,000 யூரோவுக்கு, ஒரு பிப் (விலையில் 0.0001 அசைவு) 1 டொலர். அந்தத் தரகர் மற்றவர்களைவிட ஒரே ஒரு பிப் கூட வைத்து, றோபோ நாளுக்குப் பத்துத் தடவை வர்த்தகம் செய்தால், 20 நாளில் 200 டொலர் போய்விடும். உங்களை அங்கே கூட்டிப்போனவருக்கு இதில் ஒரு பங்கு கொமிஷனாகப் போகும், அவருடைய றோபோ ஏன் ஓயாமல் வாங்கி விற்கிறது என்று இப்போது விளங்கும்.

அப்புறம், றோபோ இரவும் பகலும் ஓடவேண்டும். 2022 மார்ச்சில் 13 மணித்தியால மின்வெட்டில் இருந்த நமக்கு வீட்டுக் கணினி சரிவராது, வாடகைச் சேர்வர் (வேறிடத்தில் நிற்காமல் ஓடும் கணினி) வேண்டும், அதுவும் மாதச் செலவு. 1,000 டொலரோடு தொடங்க ஆசை என்றால் றோபோவை விட்டுவிட்டு, கொழும்புப் பங்குச் சந்தையின் யாழ்ப்பாணக் கிளைக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

கேள்வி: கனடாவில் உள்ள அண்ணாவின் காசையும் மாமியின் காசையும் சேர்த்து அமெரிக்கப் பங்குகளில் நான்தான் போடுகிறேன், லாபத்தில் எனக்கு ஒரு பங்கு. பங்கு விலைகளை உடனுக்குடன் பார்க்கும் தரவுச் சந்தாவுக்கு 'தொழில்முறை அல்லாதவர்' என்று பதிந்தால் மிக மலிவு, மற்றது பல மடங்கு. மலிவையே எடுக்கலாமா? விலை கூடிய மென்பொருள் பிழைவிடாதா?
- வாசகர், நெல்லியடி

பதில்: எடுக்க முடியாது தம்பி. அந்த மலிவு விலை தன் சொந்தக் காசைப் போடும் தனியாளுக்கு. பிறர் காசைக் கூலிக்கு ஓட்டுபவர், சொந்த மாமியின் காசென்றாலும், தொழில்முறைப் பட்டியலில்தான் வருவார். பொய்யாகப் பதிந்து பிடிபட்டால் பழைய மாதங்களின் வித்தியாசத்தையும் கேட்பார்கள். இங்கேயும் பிறருடைய முதலீட்டைக் கூலிக்கு நிர்வகிப்பதைத் தொழிலாகச் செய்வதென்றால், பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவிடம் முதலில் விசாரியுங்கள்.

பிழைவிடாதா என்றால், 2012 ஓகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவின் நைற் கப்பிற்றல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் தானியங்கி மென்பொருள் சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டொலரைத் தொலைத்தது. எட்டுச் சேர்வர்களில் ஒன்றுக்குப் புதிய நிரலை ஏற்றாமல் விட்டிருந்தார்கள்.