தீவனக் கம்பு: விதையைக் கூட்டுவதா, யூரியாவைக் கூட்டுவதா?

கேள்வி: மாட்டுத் தீவனத்துக்காக ஏக்கருக்கு 9 கிலோ கம்பு விதைத்தேன். 20ஆம் நாள் 100 கிலோ யூரியாவை ஒரே தடவையில் போட்டேன். ஆளுயரம் வந்த பயிர் ஒரே காற்றில் சாய்ந்துவிட்டது. அடுத்த முறை எதைக் கூட்டலாம்? பல அறுப்பு ரகம் போடலாமா?

பதில்: இரண்டையுமே கூட்ட வேண்டாம். விதையைப் பாதியாகக் குறையுங்கள். கம்பில் ஆயிரம் விதை ஏறக்குறைய 8 கிராம்தான். 4 கிலோவிலேயே 5 லட்சம் விதை இருக்கிறது, சதுர மீட்டருக்கு 120க்கு மேல். முளைப்பில் கொஞ்சம் போனாலும், இடம் கிடைத்த செடி தூர் கட்டி (அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விட்டு) அந்த இடைவெளியை நிரப்பிவிடும். 9 கிலோ போட்டால் செடிகள் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு ஒல்லியாக நீளும். தண்டு மெலிந்தால் மாடு மிச்சம் வைக்காது என்பது உண்மைதான். ஆனால் சாய்ந்து அழுகியதை யார் தின்பது? மண்கட்டி உடையாத நிலம், பழைய விதை என்றால் மட்டும் 5 கிலோ வரை போகலாம்.

விளைச்சலைத் தூக்குவது தழைச்சத்துதான், அதுவும் ஈரம் இருந்தால். பாசன நிலத்தில் ஒரே அறுப்பு ரகத்துக்கு ஏக்கருக்கு 30 முதல் 40 கிலோ தழைச்சத்து போதும். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால், ஏறக்குறைய 65 முதல் 85 கிலோ யூரியா. பாதி விதைப்பின்போது, மீதி 25 முதல் 30 நாளில் களையெடுத்து ஈரத்தின் மேல். தொழுவுரம் தாராளமாகப் போட்ட வயல் என்றால் இன்னும் குறைக்கலாம். மானாவாரிக்கு இதில் பாதி; மழை பெய்த பிறகே மேலுரம்.

பல அறுப்பு ரகம் நல்ல யோசனை, தொடர்ந்து தண்ணீர் இருந்தால். அப்போது மொத்த உரத்தையும் முதலிலேயே கொட்டாமல், ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் கொஞ்சம் யூரியாவும் ஒரு தண்ணீரும் கொடுங்கள். தரையோடு அறுத்தால் மறுதாம்பு (அறுத்த அடியிலிருந்து வரும் மறுதளிர்) சரியாக வராது, ஒரு சாண் விட்டு அறுங்கள். கதிர் எட்டிப் பார்க்கும் நேரமே சரியான பருவம். அதைத் தாண்டினால் எடை கூடும், புரதம் குறையும்.

அப்புறம் ஒன்று. சோளத்தில் பயப்படும் சயனைடு நஞ்சு கம்பில் இல்லை. ஆனால் யூரியா அதிகமாகி, பயிர் காய்ந்து வாடினால் அடித்தண்டில் நைட்ரேட் தேங்கும். அதைத் தின்ற மாட்டின் ரத்தத்தால் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடும். பயிரை உலர்த்தினாலும் நைட்ரேட் குறையாது. வாடிய பயிர் மழை கண்டதும் உடனே அறுக்காமல் ஒரு வாரமாவது விடுங்கள். பசியோடு இருக்கும் மாட்டை அந்த வயலில் விடவே கூடாது.