காய்ச்சலோடு வரும் சிறார் மூட்டழற்சி: பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் ஆறு வயது மகளுக்கு மூன்று வாரங்களாகத் தினமும் மாலையில் கடும் காய்ச்சல் அடித்து, காலையில் தானே இறங்கிவிடுகிறது. காய்ச்சலின்போது மட்டும் உடலில் இளஞ்சிவப்புத் தடிப்புகள் தெரிகின்றன. முழங்காலும் வீங்கியிருக்கிறது. கிருமி எதுவும் அகப்படவில்லை என்கிறார்கள். இது என்ன நோய்?

பதில்: இம்மூன்றும் சேர்ந்து வரும்போது, மூட்டுகளோடு உடல் முழுவதையும் தாக்கும் சிறார் மூட்டழற்சி வகையை நினைத்துப் பார்க்க வேண்டும். இலண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில் 1897-இல் குழந்தைகளிடம் கண்டு எழுதியதால் இதற்கு ஸ்டில் நோய் என்ற பெயரும் உண்டு. ஆனால் தொற்றும் இரத்தப் புற்றுநோயும் இதே தோற்றத்தில் வரக்கூடும் என்பதால், அவை இல்லையென்று உறுதிசெய்துகொள்ளும் முன் ஸ்டீராய்டு கொடுக்கத் தொடங்குவது ஆபத்தானது. குழந்தைகளுக்கான மூட்டுநோய் மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்டுங்கள்.

கேள்வி: எதிர்ப்பு சக்தி குறைவதால்தானே இந்நோய் வருகிறது? சத்து மருந்து கொடுத்தால் சரியாகுமா?

பதில்: பல பெற்றோர் இப்படித்தான் நம்புகிறார்கள், உண்மை இதற்கு நேர்மாறானது. பிறவியிலேயே நமக்கு அமைந்துள்ள முதல்நிலை எதிர்ப்பு அமைப்பு, எதிரியே இல்லாதபோதும் ஓயாமல் போரிடுவதே இந்நோய். இதைத் தெளிவாகக் காட்டியவர்களுள் முக்கியமானவர், அமெரிக்காவின் டல்லஸ் நகரில் குழந்தைகளுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டே ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றிய விர்ஜீனியா பாஸ்குவல். நோயுற்ற குழந்தைகளின் இரத்த நீரை, நலமாக உள்ளவர்களின் வெள்ளணுக்களோடு சேர்த்து வைத்தபோது, அந்த அணுக்களில், அழற்சியைத் தூண்டும் புரதமான இன்டர்லூகின்-1-இன் மரபணு உள்ளிட்ட அழற்சி மரபணுக்கள் விழித்துக்கொண்டதை அவரது குழு கண்டது. நோயாளியின் இரத்த நீரில் கலந்துள்ள ஏதோவொன்றே அழற்சியை மூட்டுகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்றை நான் அறியேன். அடுத்து, வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஒன்பது குழந்தைகளுக்கு, இன்டர்லூகின்-1ஐத் தடுக்கும் அனகின்ரா ஊசியைக் கொடுத்தார்கள். ஏழு பேருக்கு நோய் முழுமையாக அடங்கியது, மற்ற இருவருக்கு ஓரளவு குறைந்தது. 2005-இல் வெளியான இந்த முடிவுகளுக்குப் பிறகு, ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டையே நம்பியிருந்த, அதனால் வளர்ச்சி குன்றி முகம் ஊதிப்போன குழந்தைகளுக்கு வேறொரு வழி திறந்தது. ஒன்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். எனினும் 2012-இல் வெளியான பெரிய ஆய்வுகள், இன்டர்லூகின்-1ஐத் தடுக்கும் கனகினுமாப் மருந்தும், அதேபோன்ற இன்னொரு புரதமான இன்டர்லூகின்-6ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்தும் பயன் தருவதை உறுதிப்படுத்தின.

கேள்வி: என் மகனுக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் சோதனையில் ஒன்றும் இல்லை. அப்படியானால் மூட்டழற்சி இல்லைதானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. இரத்தத்தில் தேடும் அந்த எதிர்ப்புப்பொருள், மூட்டழற்சியுள்ள குழந்தைகளுள் மிகச் சிலருக்கே காணப்படும்.

கேள்வி: நான்கு வயது மகளுக்குக் காய்ச்சல் இல்லை, ஒரு முழங்கால் மட்டும் வீங்கியுள்ளது. அவளுக்கும் அனகின்ரா ஊசி தேவையா?

பதில்: தேவையில்லை. சில மூட்டுகளை மட்டும் தாக்கும் வகையின் எதிர்ப்பாற்றல் கோளாறு வேறு. அதற்குப் பெரும்பாலும் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியோ, வாரம் ஒருமுறை கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தோ பயன்படும். ஆனால் இவ்வகையில் வலியோ சிவப்போ இல்லாமலே கண்ணுக்குள் அழற்சி ஏற்பட்டுப் பார்வையைப் பறிக்கலாம் என்பதால், கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடாமல், மருத்துவர் குறிக்கும் இடைவெளியில், கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் சோதனை செய்தாக வேண்டும்.

கேள்வி: ஸ்டில் நோயுள்ள என் மகனுக்கு மீண்டும் காய்ச்சல் வந்திருக்கிறது. ஆனால் இரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் எண்ணான ஈ.எஸ்.ஆர்., முன்பு உயர்ந்திருந்தது, இப்போது குறைந்துவிட்டது. இது நல்ல அறிகுறிதானே?

பதில்: காய்ச்சல் விடாமல் நீடிக்கும்போது ஈ.எஸ்.ஆர். திடீரென்று சரிந்தால் நான் அஞ்சுவேன். கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் கட்டுமீறிச் செயல்படும் நிலையில், இரத்தம் உறையப் பயன்படும் ஃபைப்ரினோஜன் தீர்ந்துபோவதாலேயே அந்த எண் குறைகிறது; கூடவே தட்டணுக்கள் குறைந்து, இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் பல மடங்கு உயரும். இது உயிருக்கே ஆபத்தான நிலை. ஆகவே காலை வரை காத்திராமல், இன்றிரவே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.