வழிதவறிய குருவியை விமானத்தில் அனுப்பலாமா?

வணக்கம் சார்,

2016 அக்டோபரில் இங்கிலாந்தின் ஈசிங்டனில் வந்திறங்கிய சைபீரிய அக்சென்டர் பற்றி எழுதியிருந்தீர்கள். சீனாவுக்கோ கொரியாவுக்கோ போக வேண்டிய குருவி அது. வரிசைகட்டி நின்று படம் எடுத்தவர்களில் ஒருவராவது அதைப் பிடித்து விமானத்தில் ஏற்றி அனுப்பியிருக்கலாமே? பாவமாக இருந்தது.

மலர்விழி

அன்புள்ள மலர்விழி,

பறவைகளை விமானத்தில் ஏற்றிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. 1950களில் பெர்டெக் என்ற டச்சு ஆய்வாளர், நெதர்லாந்து வழியாக வலசை போன ஸ்டார்லிங்குகளை (நம் மைனாவுக்குச் சொந்தம்தான்) பிடித்துக் காலில் வளையம் மாட்டி, சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார். மொத்தம் 11,000க்கும் மேல். ஏற்கெனவே வலசை போய்வந்த பெரிய பறவைகள் சுதாரித்துக்கொண்டு, வழக்கமான வடக்கு பிரான்ஸ், இங்கிலாந்துப் பக்கம் திரும்பின. முதல் தடவை கிளம்பிய இளசுகளோ பழைய திசையிலேயே பறந்து தெற்கு பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட்டன. பிறவியிலேயே அவற்றுக்குத் தெரிவது எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதுதான். சேர வேண்டிய ஊர் தெரியாது. அக்சென்டரைக் கொரியாவில் இறக்கிவிட்டால் மட்டும் அங்கேயே தங்கிவிடுமா என்ன?

அப்புறம், அது ஒற்றைக் குருவியின் கோளாறும் இல்லை. அந்த இலையுதிர்காலத்தில் ஐரோப்பா முழுக்க 200க்கும் மேற்பட்ட அக்சென்டர்கள் தென்பட்டன. பிரிட்டனில் அதற்குமுன் ஒன்றுகூடப் பதிவானதில்லை. வாரக்கணக்கில் விடாமல் அடித்த கிழக்குக் காற்றுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. எத்தனை பேரை விமான நிலையத்துக்கு அனுப்புவது?

கூட்டம் எனக்கும் பிடிக்காது. ஆனால் படங்களைப் பாருங்கள்: கறுப்பு முகமூடி, அதற்கு மேலே மஞ்சள் புருவம், பாசி படர்ந்த தரையைக் கிளறி இரை தேடும் மும்முரம். கேமராக்களை அது சட்டை செய்ததாகவே தெரியவில்லை.

இப்படித் திசைமாறி வருபவற்றில் பல செத்துத்தான் போகும், மறுக்கவில்லை. ஆனால் ரிச்சர்டு நெட்டைக்காலியின் கதை வேறு. சைபீரியாவில் முட்டையிட்டு, குளிருக்கு இந்தியாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் வருகிற பறவை. மேற்கு ஐரோப்பாவில் அதை வழிதவறி வந்த விருந்தாளி என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். தெற்கு பிரான்சில் குளிர்காலத்தைக் கழித்த சிலவற்றின் மேல் வெளிச்சத்தைப் பதிவுசெய்து, அதை வைத்துப் பறவை போன இடத்தைக் கணிக்க உதவும் சிறு கருவிகளைப் பொருத்திப் பார்த்தார்கள். முடிவு 2021இல் வெளியானது: அவை கோடையில் சைபீரியாவுக்கே போய், அடுத்த குளிருக்கு மறுபடி பிரான்சுக்கு வந்திருந்தன.