வெப்பமானி இல்லாத காலத்து வெயிலைக் கணக்கேடுகளிலிருந்து எப்படி அறிகிறார்கள்?

கேள்வி: "நூற்றாண்டுகளுக்கு முன் எவ்வளவு வெப்பம் இருந்தது என்று பழைய எழுத்து ஆவணங்களை வைத்துச் சொல்கிறார்களே, அது வெறும் ஊகம்தானே? எப்படி நம்புவது?"

நம்பலாம். ஆனால் எந்த ஆவணம், அதை யார் எதற்காக எழுதினார் என்று பார்த்துத்தான் நம்ப வேண்டும். பழைய ஆவணங்களைப் படிப்பதில் ஆர்வமுள்ளவன் என்பதால், எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆய்வை வைத்தே பதில் சொல்கிறேன்.

பிரான்ஸில் பர்கண்டி பகுதியில் போன் (Beaune) என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. ஒயினுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே ஒவ்வோர் ஆண்டும் திராட்சை பறிக்கத் தொடங்கிய தேதியை 1354 முதல் 2018 வரை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். வரலாற்றாளர் தோமா லபேயும் அவருடைய குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இது.

"இப்படி ஒரு வெயிலை நாங்கள் கண்டதே இல்லை" என்று ஒரு துறவி எழுதிவைத்தால், அதை மட்டும் வைத்து வெப்பநிலையைக் கணக்கிட முடியாது. அவருக்கு எத்தனை வயது, அதற்கு முந்தைய கோடைகளில் எதெல்லாம் நினைவிருந்தது என்பதெல்லாம் அந்த வரியில் கலந்திருக்கும். இந்த ஆய்வின் தேதிகள் கிடைத்த கூலிக் கணக்கு அப்படியல்ல. திராட்சை பறித்தவர்களுக்கு எந்த நாளில் எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதிய கணக்கருக்குக் காசு சரியாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் கவலை. வெயிலைப் பெரிதாக்கிச் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை. அதேபோல், அறுவடை எந்த நாளில் தொடங்கலாம் என்பதை ஊர் நிர்வாகமே முடிவு செய்து அறிவிக்கும் வழக்கம் அந்தப் பகுதியில் இருந்தது. அந்த முடிவுகளும் ஏட்டில் ஏறியிருக்கின்றன.

சரி, தேதி எப்படி டிகிரியாக மாறுகிறது? ஏப்ரல் முதல் ஜூலை வரை வெப்பம் கூடினால் கொடி சீக்கிரம் பூத்துக் காய்த்து, பழமும் முன்கூட்டியே பழுக்கும். குறைந்தால் தள்ளிப்போகும். பாரிஸில் 1659 முதல் வெப்பநிலைப் பதிவுகள் கிடைக்கின்றன. ஆக, அறுவடைத் தேதியும் வெப்பமானி அளவும் சேர்ந்தே இருக்கும் 360 ஆண்டுகள் கையில் உள்ளன. அந்த ஆண்டுகளில் இரண்டுக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டு, தேதி மட்டுமே இருக்கிற முந்தைய ஆண்டுகளுக்கு அதைப் பொருத்துகிறார்கள். கிடைத்த விடையை, மரத்தில் ஆண்டுக்கு ஒன்றாக உருவாகும் வளையங்களோடும் மற்ற ஆவணங்களோடும் ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். ஒரு டிகிரி கூடினால் அறுவடை ஏறத்தாழ 6 நாள் முந்துகிறது என்பது பிரான்ஸ், சுவிட்சர்லாந்து திராட்சைத் தோட்டங்களைப் பற்றிய இன்னொரு ஆய்வின் கணக்கு.

கேட்க எளிதாக இருக்கும். உண்மையான உழைப்பெல்லாம் தேதியைச் சரியாகப் படிப்பதில் இருக்கிறது. முதலில் நாட்காட்டி. பிரான்ஸ் 1582 டிசம்பரில்தான் இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியது. பழைய நாட்காட்டி சில நாள் பின்தங்கியிருந்தது. அதற்கு முன் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய தேதியோடு 10 நாள் கூட்ட வேண்டும், 15ஆம் நூற்றாண்டுக்கு 9, 14ஆம் நூற்றாண்டுக்கு 8. இதை மறந்தால் ஒன்றரை டிகிரி வெப்பம் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிடும்!

அடுத்தது, பிரதி எடுத்ததில் வந்த பிழைகள். பர்கண்டியின் தலைநகரான திஜோனுக்கு ஏற்கெனவே ஒரு புகழ்பெற்ற தேதி வரிசை இருந்தது. பலரும் அதை 19ஆம் நூற்றாண்டு அச்சுப் புத்தகங்களிலிருந்து அப்படியே எடுத்தாண்டார்கள். அதில் பிழைகள் மலிந்திருந்ததால்தான் லபே குழுவினர் நேராக ஆவணக் காப்பகத்துக்குப் போய் மூல ஏடுகளையே படித்தார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகுந்த மதிப்பு இந்த வேலைமீதுதான். கணினியில் எவ்வளவு நுட்பமான கணக்குப் போட்டாலும் உள்ளே போகும் தேதி தவறென்றால் பயனில்லை.

மூன்றாவதுதான் மிகவும் சுவையானது. பறிக்கும் நாளைத் தீர்மானிப்பது வெயில் மட்டுமல்ல, மனிதரும்தான். 1540இல் மத்திய ஐரோப்பாவில் கிட்டத்தட்ட 11 மாதம் மழை பொய்த்தது. பழங்கள் கொடியிலேயே வற்றிச் சுருங்கின. பல இடங்களில் ஒரு மழை வரட்டும் என்று காத்திருந்து, தாமதமாகத்தான் பறித்தார்கள். தேதியை மட்டும் பார்த்தால் அந்த ஆண்டு அவ்வளவு கடுமையாகத் தெரியாது. அந்தக் காலத்தவர் எழுதிவைத்த குறிப்புகளையும் சேர்த்துப் படித்த பிறகே, அந்தக் கோடை, ஐரோப்பாவை வாட்டிய 2003ஆம் ஆண்டுக் கோடையைவிடக் கொடுமையாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஆலிவர் வெட்டரும் கிறிஸ்டியன் ஃபிஸ்டரும் வாதிட்டார்கள். முன்பு சொன்ன துறவியின் புலம்பல் இந்த மாதிரி இடத்தில் கைகொடுக்கும். தனியாக நின்றால் சான்றாகாது, கணக்கேட்டின் பக்கத்தில் வைத்தால் அதற்கும் மதிப்பு உண்டு.

இவ்வளவும் செய்து கிடைத்தது என்ன? 1354 முதல் 1987 வரை சராசரியாகச் செப்டம்பர் 28இல் பறிப்பு தொடங்கியது. 1988 முதல் 2018 வரை அது 13 நாள் முந்திவிட்டது. "அந்தக் காலத்திலும் கொடும் வெயில் அடித்ததே" என்று சிலர் வாதிடுவார்கள். அடித்தது, உண்மைதான். மிக முன்கூட்டியே நடந்த அறுவடைகளில் 21, 1393க்கும் 1719க்கும் இடையிலேயே வருகின்றன. 1720 முதல் 2002 வரை 5 மட்டுமே. ஆனால் 2003 முதல் 2018 வரையான 16 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் அசாதாரண வெப்பம் கொண்டவை. முன்பு எப்போதாவது வந்தது இப்போது வழக்கமாகிவிட்டது. அப்புறம் இன்னொன்று, 6 நாள் கணக்கைச் சொன்ன அந்த இன்னொரு ஆய்விலிருந்து: முன்பெல்லாம் அறுவடை அவ்வளவு முந்த வேண்டுமானால் வறட்சியும் கூடவே வர வேண்டியிருந்தது. 1980க்குப் பிறகு வறட்சி இல்லாமலே அந்த அளவு வெப்பம் வருகிறது. என்னை மிகவும் கவலைப்பட வைத்த முடிவு இதுதான்.

இந்தத் தேதிகளுக்கு ஓர் எல்லை உண்டு. திராட்சைக் கொடி வசந்தத்தையும் கோடையையும் பற்றித்தான் சொல்லும், அதுவும் அந்தப் பகுதிக்கு மட்டும். குளிர்காலத்துக்கு வேறு ஏடு தேட வேண்டும். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் பனிக்கட்டி உருகிய பிறகுதான் கப்பல் போக்குவரத்து தொடங்கும். அங்கே கப்பல்களிடம் வசூலித்த வரிக் கணக்குகளிலிருந்து, 1502 முதலான ஜனவரி–ஏப்ரல் வெப்பநிலையைக் கணக்கிட்டிருக்கிறார்கள்.