நட்சத்திரங்களை விற்ற பணம் எங்கே போகிறது?

(விளையாட்டுக் கேள்வி – பதில்)

இம்மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அமெரிக்க பேஸ்பால் குழுக்கள் ஆட்டக்காரர்களை விற்பதைப் பற்றியவையாக இருந்ததால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

கேள்வி: நான் ஆதரிக்கும் குழு தன் நட்சத்திர ஆட்டக்காரர்களை வரிசையாக விற்றுவிட்டது. நிர்வாகம் அதை ‘மறுகட்டமைப்பு’ என்கிறது. அலுவலக நண்பர்களோ, ‘இது சுத்த டேங்கிங், வேண்டுமென்றே தோற்கிறார்கள்’ என்று சிரிக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கும் ரசிகர் இவ்விரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?
– ஒரு வாசகர், தோ பாயோ

பதில்: முதல் ஆண்டில் பிரித்தறிவது கடினம். இரண்டிலும் தெரிந்த முகங்கள் போய்த் தெரியாத இளையர்கள் வருவார்கள், 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் குழு நூறு ஆட்டங்களை நெருங்கித் தோற்கும், நிர்வாகி செய்தியாளர்களிடம் பொறுமையைப் பற்றிப் பேசுவார். நாம் வார இறுதியில் பார்க்கும் இங்கிலீஷ் பிரிமியர் லீக் காற்பந்தில் கடைசி மூன்று இடங்களில் முடிக்கும் குழுக்கள் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடுகின்றன. பேஸ்பாலின் உச்சப் பிரிவான மேஜர் லீக்கின் 30 குழுக்களுக்கு அந்த அச்சமே இல்லை. மாறாக, மோசமாக ஆடிய குழுவுக்குத்தான் அடுத்த ஆண்டு டிராஃப்டில் (குழுக்கள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) புதிய ஆட்டக்காரர்களை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதிகம். தோல்வியையே பயனுள்ள பொருளாகக் கருதிச் சேர்ப்பது டேங்கிங். திறமையைத் தேடிப் போகும் வழியில் தோல்வி வந்து சேர்ந்தால் அது மறுகட்டமைப்பு.

இந்த வேறுபாடு புள்ளிப் பட்டியலில் தெரியாது, பரிமாற்றங்களில் தெரியும். 2011 அக்டோபரில் தியோ எப்ஸ்டீன் சிகாகோ கப்ஸ் குழுவின் பொறுப்பை ஏற்றார், அடுத்த ஆண்டே அக்குழு 101 ஆட்டங்களில் தோற்றது. ஆனால் அதே காலத்தில் அவர்கள் ஆண்ட்ரூ கேஷ்னர் என்ற பந்தெறியாளரைக் கொடுத்து அந்தனி ரிஸோவை வாங்கினார்கள். 2013இல் பால்டிமோரில் தடுமாறிக்கொண்டிருந்த ஜேக் அரியெட்டாவைக் கேட்டுப் பெற்றார்கள். அப்போது அந்தப் பருவத்தில் அரியெட்டாவின் ரன் சராசரி, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு அவர் சராசரியாகக் கொடுத்த ரன், ஏழுக்கும் மேல். வேறு யாரும் ஆசைப்படாத அந்த மனிதர் இரண்டே ஆண்டுகளில் சிறந்த பந்தெறியாளருக்கான சை யங் விருதை வென்றார். இளையர்கள் தேறத் தொடங்கியதும் 2014 டிசம்பரில் ஜான் லெஸ்டருக்கு ஆறு ஆண்டுகளுக்கு 155 மில்லியன் டாலர் கொடுத்து ஒப்பந்தம் செய்தார்கள். 2016இல், 108 ஆண்டுகளுக்குப் பிறகு, கோப்பை வந்தது. விற்றார்கள், தேடினார்கள், பிறகு செலவழித்தார்கள். மூன்றாவது கட்டம் நடந்ததால்தான் முதல் இரண்டையும் மறுகட்டமைப்பு என்று இன்று சொல்ல முடிகிறது.

இதற்கு எதிரிடையாக மயாமி மார்லின்ஸ் 2017-18 குளிர்காலத்தில் செய்ததைப் பாருங்கள். புதிய உரிமையாளர்கள் வந்த சில வாரங்களிலேயே, அந்த ஆண்டின் நேஷனல் லீக் (மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று; மற்றது அமெரிக்கன் லீக்) சிறந்த ஆட்டக்காரர் ஜியன்கார்லோ ஸ்டான்டன் நியூயார்க் யாங்கீஸுக்குப் போனார். 13 ஆண்டுகளுக்கு 325 மில்லியன் டாலர் என்ற அவருடைய ஒப்பந்தத்தில் மீதமிருந்த சுமையின் பெரும்பகுதியை யாங்கீஸ் ஏற்றுக்கொண்டதுதான் அந்தப் பரிமாற்றத்தின் சாரம். பதிலுக்கு வந்த ஆட்டக்காரர்கள் இரண்டாம்பட்சம். அதே குளிர்காலத்தில் மில்வாக்கிக்கு அனுப்பப்பட்ட கிறிஸ்டியன் யெலிச் அடுத்த பருவத்திலேயே அங்கே சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைப் புதுப்பிக்கப்போவதாகச் சொல்லிச் சுவரை இடித்தவர் ஆறு மாதமாகியும் ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கவில்லையென்றால் அவர் நோக்கத்தைப் பற்றி அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ, அதையே ரசிகரும் நினைக்கலாம்.

கேள்வி: ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் மூன்றாண்டுகள் தொடர்ந்து படுதோல்வி அடைந்து, பிறகு 2017இல் கோப்பையை வென்றது. டேங்கிங் பலன் தரும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும், ஐயா?
– ஒரு வாசகர், ஈசூன்

பதில்: 2011இல் 106, 2012இல் 107, 2013இல் 111 என்று தோல்விகளை அடுக்கிய குழு நான்கே ஆண்டுகளில் வெற்றிவாகை சூடியது என்பது கேட்பதற்குக் கவர்ச்சியான கதைதான். ஆனால் அந்த 2017 குழுவின் முதுகெலும்பாக இருந்தவர்களை ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தால் கதை இளகிவிடுகிறது. ஹோசே அல்டூவே 2007இலேயே வெனிசுவேலாவிலிருந்து ஒப்பந்தமானவர். டாலஸ் கைக்கெல் 2009ஆம் ஆண்டு டிராஃப்டில் வந்தவர். ஜார்ஜ் ஸ்பிரிங்கர் 2011 ஜூனில், அதாவது புதிய உரிமையாளர் பொறுப்பேற்கும் முன்பே, பதினோராவது தேர்வாக வந்தவர். இவர்கள் மூவரும் வேண்டுமென்று தோற்றதால் கிடைத்தவர்கள் அல்லர். இறுதிக்கட்டத்தில் குழுவைத் தூக்கி நிறுத்திய ஜஸ்டின் வெர்லேண்டரோ, 2017 ஆகஸ்டு 31ஆம் தேதி பெரிய சம்பளத்தோடு டெட்ராய்ட்டிலிருந்து வாங்கப்பட்டவர்.

தோல்விக்குப் பரிசாக வந்த முதல் தேர்வுகள் என்ன ஆயின? 2012இல் கார்லோஸ் கொரியா: பொன்னான தேர்வு. 2013இல் மார்க் அப்பெல்: ஆஸ்ட்ரோஸுக்காக மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை, 2022இல் பிலடெல்பியாவுக்காகத்தான் முதன்முதலில் களம் கண்டார். 2014இல் பிரேடி எய்க்கன்: ஒப்பந்தமே கையெழுத்தாகவில்லை. அந்த முறிவுக்கு ஈடாகக் கிடைத்த தேர்வில் 2015இல் அலெக்ஸ் பிரெக்மன் வந்தார் என்றால், அது திட்டமா, அதிர்ஷ்டமா என்று நீங்களே சொல்லுங்கள். ஆஸ்ட்ரோஸிடம் நல்ல ஆய்வுப் பிரிவும் ஆட்டக்காரர்களை வளர்க்கும் கூர்மையும் இருந்தன. அவற்றைப் பார்க்காமல் தோல்விகளை மட்டும் பார்த்துப் பாடம் படித்தவர்கள் அதிகம். (எதிரணியின் சைகைகளைத் திருடியதற்காக 2020 ஜனவரியில் அக்குழுவுக்கு விதித்த தண்டனையில், ஐந்து மில்லியன் டாலர் அபராதத்தோடு, இரண்டு ஆண்டுகளுக்கான முதலிரண்டு சுற்றுத் தேர்வுகளும் பறிபோயின. தோற்றுத் தோற்றுச் சேர்த்த அதே பொருள்!)

அந்தப் பாடத்தைப் படித்தவர்களில் சிகாகோ ஒயிட் சாக்ஸும் ஒன்று. 2016 டிசம்பரில் கிறிஸ் சேலை விற்றதில் தொடங்கிய அவர்களுடைய திட்டம் 2020லும் 2021லும் இறுதிச்சுற்றுகளுக்குக் கொண்டுபோனது. இரண்டு முறையும் முதல் தொடரிலேயே வெளியேறினார்கள். 2024இல் 121 தோல்விகள், நவீன காலத்தில் எந்தக் குழுவும் தொடாத எண்ணிக்கை. பால்டிமோர் ஓரியோல்ஸ் 2018இல் 115 தோல்வி, 2023இல் 101 வெற்றி என்று பெரிய ஏற்றம் கண்டது உண்மை. ஆயினும் அந்த ஆண்டு டெக்சஸிடம் மூன்று ஆட்டங்களில் வீழ்ந்தது, 2025இல் மறுபடியும் 87 தோல்விகளுக்கு இறங்கியது.

கேள்வி: சம்பளச் செலவைக் குறைப்பது அவ்வளவு பெரிய குற்றமா? எந்த நிறுவனமும் வரவுக்கேற்பத்தானே செலவு செய்யும்?
– ஒரு வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: குற்றமே இல்லை. மில்வாக்கி புரூவர்ஸ் 2024 தொடக்கத்தில் தன் தலைசிறந்த பந்தெறியாளர் கோர்பின் பர்ன்ஸைப் பால்டிமோருக்கு அனுப்பியது; அந்த ஆண்டு டிசம்பரில் டெவின் வில்லியம்ஸை யாங்கீஸுக்கு அனுப்பியது. இருவருமே ஒப்பந்தம் முடிந்து விலகும் காலத்தை நெருங்கியவர்கள். முதல் பரிமாற்றத்தில் வந்த ஜோயி ஒர்டிஸும் இரண்டாவதில் வந்த கேலப் டர்பினும் 2025இல் உள்களத்தின் இடப்பக்கத்தில் அன்றாடம் ஆடினார்கள், குழு 97 வெற்றிகளோடு மொத்த லீக்கிலும் முதலிடத்தில் முடித்தது. யாரும் அதை டேங்கிங் என்று சொல்லவில்லை, ஏனென்றால் எந்த ஆண்டும் அவர்கள் ஆட்டத்தைக் கைவிடவில்லை.

உங்கள் கேள்வியில் ஒளிந்திருக்கும் அனுமானம்தான் எனக்கு ஒப்பவில்லை: செலவைக் குறைப்பவர்கள் எல்லாம் வரவு குறைந்தவர்கள் என்ற அனுமானம். பாஸ்டன் ரெட் சாக்ஸ் பணத்துக்குத் தவிக்கும் குழு அன்று. 2018இல் கோப்பையை வென்ற குழு. மூக்கி பெட்ஸ் அந்த ஆண்டின் அமெரிக்கன் லீக் சிறந்த ஆட்டக்காரர், அவர்களே தேர்ந்தெடுத்து வளர்த்தவர். 2020 பிப்ரவரியில் அவரை லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்கு அனுப்பியபோது, சம்பளம் மிகுந்த டேவிட் பிரைஸையும் உடன் சேர்த்தார்கள். ஆடம்பர வரிக்குரிய (சம்பளச் செலவு ஓர் அளவைத் தாண்டினால் குழு கட்டும் வரி) வரம்புக்குக் கீழே இறங்குவது ஒரு நோக்கம் என்பதை அது காட்டிக்கொடுத்துவிட்டது. பதிலுக்கு வந்த மூவரில் ஜீட்டர் டவுன்ஸ் பாஸ்டனுக்காக ஆடியது சில ஆட்டங்களே. டாட்ஜர்ஸோ பெட்ஸுக்கு 12 ஆண்டுகளுக்கு 365 மில்லியன் டாலர் கொடுத்து, 2020, 2024, 2025 என்று மூன்று கோப்பைகளை அவரோடு வென்றுவிட்டது. பாஸ்டன் செய்ததை மறுகட்டமைப்பு என்று என்னால் அழைக்க முடியவில்லை. கணக்குப் புத்தகத்தைச் சரிக்கட்டியது, அவ்வளவுதான்.

இதே மூச்சில் நியூயார்க் மெட்ஸ் 2023இல் செய்ததையும் சொல்ல வேண்டும். 300 மில்லியன் டாலருக்கும் மேல் சம்பளம் கொடுத்து 75 ஆட்டங்களில் மட்டுமே வென்ற அந்தப் பருவத்தின் நடுவே, மேக்ஸ் ஷெர்ஸரையும் வெர்லேண்டரையும் விற்றார்கள். ஆனால் அவர்களுடைய மீதச் சம்பளத்தில் பெரும்பங்கைத் தாங்களே ஏற்று, அதற்கு ஈடாகத் தரமான இளையர்களைக் கேட்டு வாங்கினார்கள். வெளித்தோற்றத்தில் அதுவும் விற்பனைதான். உள்ளே பார்த்தால், உரிமையாளர் தன் பணத்தைக் கொண்டு எதிர்காலத்தை விலைக்கு வாங்கியிருக்கிறார். அடுத்த ஆண்டே அக்குழு லீக் இறுதித் தொடருக்குப் போனது.

கேள்வி: டிராஃப்டுக்குக் குலுக்கல் முறை வந்த பிறகு டேங்கிங் ஒழிந்துவிட்டதா?
– ஒரு வாசகர், செங்காங்

பதில்: ஒழியவில்லை, ஆதாயம் குறைந்திருக்கிறது. 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்கள் குலுக்கலில் முடிவாகின்றன. மிக மோசமான மூன்று குழுக்களுக்கும் முதலிடத்துக்கான வாய்ப்பு தலா 16.5 விழுக்காடுதான். அடுத்தடுத்த ஆண்டுகளில் குலுக்கலில் இடம்பெறவும் கட்டுப்பாடு உண்டு. அந்தக் கட்டுப்பாட்டால்தான் 121 முறை தோற்ற ஒயிட் சாக்ஸுக்கு 2025இல் பத்தாவது தேர்வு கிடைத்தது. ஆனால் டிராஃப்டுக்காக அல்லாமல் பணத்தை மிச்சப்படுத்துவதற்காகவே தோற்கும் உரிமையாளரைக் குலுக்கல் என்ன செய்துவிடும்?

கேள்வி: நான் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ரசிகன். காலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தை எம்ஆர்டி ரயிலில் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போகிறேன். ரசிகர் எத்தனை ஆண்டுகள் பொறுக்கலாம்?
– ஒரு வாசகர், பிடோக்

பதில்: நான்கு ஆண்டுகள் என்பது என் கணக்கு. டிராஃப்டில் எடுத்த கல்லூரி ஆட்டக்காரர் மைனர் லீக் என்ற கீழ்நிலைப் பிரிவுகளில் தேறி மேலே வர இரண்டு மூன்று ஆண்டுகள் போதும்; அதற்கு மேலும் ஓராண்டு தருவோம். அதன் பிறகு காத்திருக்கச் சொல்பவரிடம் காரணம் கேட்க வேண்டும்.

உங்கள் குழுவிடம் கேட்பதற்குக் காரணம் நிறைய இருக்கிறது. 2023இல் முதல் தேர்வாக வந்த பால் ஸ்கீன்ஸ் 2025இல் 1.97 என்ற ரன் சராசரியோடு சை யங் விருதை வென்றார். அந்த ஆண்டு அவர் பெயரில் பதிவான வெற்றி 10, தோல்வியும் 10. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு ரன்கூடக் கொடுக்காத பந்தெறியாளர் பத்து முறை தோற்கிறார் என்றால், அவருக்காக மட்டை பிடித்தவர்களை நிர்வாகம் எந்த அக்கறையோடு சேர்த்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அத்தகையவரின் அடிப்படைச் சம்பளம் அப்போது ஒரு மில்லியன் டாலரைக்கூட எட்டவில்லை, ஏனென்றால் முதல் மூன்று ஆண்டுகளில் சம்பளத்தைப் பெரும்பாலும் குழுவே முடிவு செய்கிறது. ஆட்டக்காரர் தம் விருப்பப்படி வேறு குழுவுக்குப் போக மேஜர் லீக்கில் ஆறு ஆண்டுச் சேவை வேண்டும். மலிவான அந்த ஆண்டுகளில்தான் சுற்றிலும் செலவழித்துக் குழுவை நிறைவாக்க வேண்டும். பிட்ஸ்பர்க் 2025இல் 91 ஆட்டங்களில் தோற்றது.

அந்த ஆறு ஆண்டுகளையும் ஏழாக நீட்டப் பார்க்கும் தந்திரம் தனி. நான் மேலே மெச்சிய கப்ஸே 2015இல் கிரிஸ் பிரையன்ட்டைப் பருவம் தொடங்கிச் சில நாட்கள் கழித்துத்தான் மேலே அழைத்தது. முழு ஆண்டுச் சேவைக்கு 172 நாட்கள் வேண்டும். அவருக்கு வந்தது 171. அவர் முறையிட்டார், 2020இல் தோற்றார்.

பொறுமை இழந்தவர்கள் என்ன செய்யலாம் என்பதை ஓக்லாந்து ரசிகர்கள் காட்டினார்கள். 2021இல் 86 வெற்றி பெற்ற அத்லெட்டிக்ஸ், மேட் ஓல்சன், மேட் சாப்மன் உள்ளிட்டவர்களை விற்றுவிட்டு 2022இல் 102, 2023இல் 112 ஆட்டங்களில் தோற்றது. காலி இருக்கைகளைக் காட்டி ‘ரசிகர்கள் வருவதில்லை’ என்று நிர்வாகம் பேசியதும், 2023 ஜூன் 13ஆம் தேதி, சாதாரணச் செவ்வாய்க்கிழமை இரவில், 27,759 பேர் அரங்கில் திரண்டார்கள். பச்சைச் சட்டைகளில் ஒரே ஒரு கட்டளை: ‘விற்றுவிடு’. குழுவை விற்கச் சொல்லி முழக்கமிட்டார்கள். உரிமையாளர் விற்கவில்லை, 2024 செப்டம்பரில் குழு ஓக்லாந்தில் தன் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டுப் போயிற்று. சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு அரங்கை நிரப்பவும் வழியில்லை, வெறுமையாக்கவும் வழியில்லை. நீங்கள் வேறு குழுவுக்கு மாறினாலும் நான் குறை சொல்லமாட்டேன். ஸ்கீன்ஸ் பந்து வீசும் காலைகளில் மட்டும் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வொரு குழுவும் குறைந்தபட்சத் தொகையைச் செலவழித்தாக வேண்டும். பேஸ்பாலிலும் அப்படி ஒரு விதி வந்தால் பிரச்சினை தீருமே?
– ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: ஐபிஎல்லில் உச்சவரம்பும் சேர்ந்தே இருக்கிறது என்பதை மறந்துவிட்டீர்கள். முட்டுக்கட்டையே அங்கேதான். 2021 ஆகஸ்டில் உரிமையாளர்கள் 100 மில்லியன் டாலர் தரைவரம்பை முன்மொழிந்தார்கள். கூடவே ஆடம்பர வரி தொடங்கும் அளவை 180 மில்லியனுக்கு இறக்கவும் கேட்டார்கள். கீழே கொடுப்பதுபோல் கொடுத்து மேலே பறிக்கும் அந்தப் பேரத்தை ஆட்டக்காரர் சங்கம் ஏற்கவில்லை. இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1ஆம் தேதி முடிகிறது, ஆகவே இந்த வாக்குவாதம் மறுபடி எழும்.

தரைவரம்பை மட்டும் போட்டால், பிற குழுக்கள் கழித்துவிட நினைக்கும் வீண் ஒப்பந்தங்களை வாங்கிக் கணக்கை நிரப்பும் குழுக்கள் தோன்றும். பணக்காரக் குழுக்களிடமிருந்து சிறு குழுக்களுக்குப் போகும் வருமானப் பகிர்வை, அது ஆட்டக்காரர்களுக்காகவும் பயிற்சிக்காகவும் செலவாகிறதா என்ற நிபந்தனையோடு இறுக்கிக் கட்டுவதையே நான் விரும்புவேன். பெறுபவர் கணக்குக் காட்டத் தவறினால் அடுத்த ஆண்டு பங்கு குறைய வேண்டும். தொடர்ந்து தவறினால் நிற்க வேண்டும். சங்கம் கேட்க வேண்டியதும் இதைத்தான். உச்சவரம்பைப் பற்றிய சண்டையில் இது காணாமல் போய்விடும் என்பதுதான் என் கவலை.