நாலாம் வகுப்பு ஓ.எம்.ஆர். தாளை யார் கேட்கப்போகிறார்கள்?

மன்னார்குடி பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் திங்கட்கிழமைதோறும் வாரத் தேர்வு, மாதக் கடைசியில் மாதத் தேர்வு, நடுவில் ஒலிம்பியாட் என்ற போட்டித் தேர்வு. போதாததற்கு இந்த வருஷம், நீட், ஜே.இ.இ.க்கு இப்போதே அடித்தளம் போடுகிறோம் என்று ‘ஃபவுண்டேஷன்’ பெயரில் வட்டத்தைக் கறுப்பாக்கும் ஓ.எம்.ஆர். தேர்வு வேறு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வயிறு வலிக்கிறது என்கிறாளாம். ‘வேண்டாம் என்று சொன்னால் பின்னால் நீட், ஜே.இ.இ. வரும்போது பின்தங்கிவிடுவாளோ’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

பின்தங்க மாட்டாள். தமிழ்நாடு அரசின் கலந்தாய்வு வழியாக நடக்கும் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வே இல்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். வேளாண்மைப் படிப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். நீட் தேர்வின் பாடத்திட்டம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். என்.ஐ.டி. போன்ற மத்தியக் கல்லூரிகளுக்கான ஜே.இ.இ. மெயினை இப்போது கம்ப்யூட்டரில் எழுதுகிறார்கள், அங்கே கறுப்பாக்க வட்டமே கிடையாது! நாலாம் வகுப்பு ராங்க்கை இவர்களில் யாரும் கேட்பதில்லை.

2019இல் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அரசு அறிவித்தது நினைவிருக்கும். எதிர்ப்பு கிளம்பி, 2020 பிப்ரவரியில் ரத்து செய்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று அரசே கைவிட்டதை, சில தனியார் பள்ளிகள் பீஸ் வாங்கிக்கொண்டு வாராவாரம் நடத்துகின்றன. உங்கள் வீட்டுக்காரர் ‘பணம் கட்டுகிறோம், டெஸ்ட் வைக்கட்டுமே’ என்கிறார். அவர் கோணமும் புரிகிறது. ஆனால் அந்தப் பணத்துக்கு வாங்க வேண்டியது பாடம்.

தேர்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. அரசுப் பள்ளிகளில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து, அந்தந்த நிலைக்கு ஏற்பச் சொல்லிக்கொடுக்கிறார்கள். (செயலியில் பதிவேற்றவே நேரம் போய்விடுகிறது என்று ஆசிரியர்கள் குறைப்படுகிறார்கள். நியாயமான குறைதான்.) அங்கே தேர்வு என்பது அடுத்து என்ன சொல்லிக்கொடுப்பது என்று தெரிந்துகொள்ள. உங்கள் மகள் கடன் வாங்கிக் கழிப்பதில் திங்கட்கிழமை தப்பு செய்தால், செவ்வாய்க்கிழமை யாராவது அதை மறுபடி சொல்லிக்கொடுக்கிறார்களா? நீங்கள் அனுப்பியிருந்த வாட்ஸ்அப் ராங்க் பட்டியலில் அவள் பதினேழாவது என்று மட்டும்தான் இருக்கிறது. எந்தக் கணக்கு வரவில்லை என்று இல்லை.

அதனால் முதலில் வகுப்பு ஆசிரியையிடம் போங்கள். தாளாளர் அறைக்கு நேரே போக வேண்டாம், அங்கே பேச்சு பீஸில் போய் முடியும். திருத்திய தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். ராங்க் பட்டியலைக் குரூப்பில் போடாமல் இருக்கச் சொல்லுங்கள். வயிற்று வலியையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. ஒலிம்பியாட் கட்டாயம் இல்லை, ‘சேரவில்லை’ என்று எழுதிக் கொடுத்தால் போதும். ஆசிரியை கையில் ஒன்றும் இல்லை என்றால், இன்னும் நாலைந்து பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு முதல்வரைப் பாருங்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, பிள்ளை பயமும் பதற்றமும் இல்லாமல் படிக்க வேண்டும் என்கிறது. சண்டைக்கு இல்லாமல், பேச்சுவாக்கில் அதைச் சொல்லிவையுங்கள்.

சரி, அவள் படிப்பு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? வீட்டிலேயே பார்க்கலாம். பேப்பரில் ஒரு செய்தியைப் படித்து அப்பாயிக்குத் தன் வார்த்தையில் சொல்லட்டும். நிலம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் கணக்குக்கு என்ன பஞ்சம்? நில அளவில் இருபது மா ஒரு வேலி, மூன்று மா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் (டி.பி.சி.) மூட்டைக்கு 40 கிலோ. இந்தக் குறுவைக்கு அப்பா எத்தனை மூட்டை போட்டார், மொத்தம் எத்தனை கிலோ, மாவுக்கு எவ்வளவு கண்டது என்று அவளைப் போடச் சொல்லுங்கள். தடுமாறும் இடத்தில் நீங்களே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாம். இப்படிச் செய்ய முடிகிற பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது எதிலும் குறைந்திருக்காது.

இன்னொன்று. ஃபவுண்டேஷன் பீஸைப் பற்றி யோசிக்கும்போதே ஆறாம் வகுப்பு பற்றியும் யோசியுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வை எழுதித் தேர்வானால், வருமான வரம்புக்குள் வரும் குடும்பங்களுக்கு ஒன்பதிலிருந்து நான்கு வருஷம் ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. முடிவெடுக்க இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குள் உங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு வேலை நாளில் போய், பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா, ஆய்வகம் திறந்திருக்கிறதா என்று விசாரித்து வாருங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள், அப்புறம் பேசுவோம்.