ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு: டெல்லித் தமிழர்கள் கேட்டவை

நாடாளுமன்றக் குழுக்களின் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மத்திய அமைச்சகம் ஒன்று பணத்தை எப்படிச் செலவழிக்கிறது, எம்.பி.க்கள் அதை எப்படித் துருவிக் கேட்கிறார்கள் என்பது பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று டெல்லியில் இருக்கும் நம்மவர்களிடம் சொல்லியிருந்தேன். நிறையவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பழைய ராஜேந்திர நகர், சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிப்பவர்): சார், பட்ஜெட் கூட்டத்தொடரை டிவியில் பார்த்தால் கூச்சல்தான் கேட்கிறது. கடைசியில் ஒரே மாலையில் எல்லாம் நிறைவேறிவிடுகிறது. ஓர் அமைச்சகத்தின் கணக்கை யாருமே உட்கார்ந்து படிப்பதில்லையா?

பதில்: படிக்கிறார்கள் தம்பி, ஆனால் டிவி காட்டும் இடத்தில் இல்லை. பிப்ரவரி 1-ஆம் தேதி பட்ஜெட் வந்ததும் கூட்டத்தொடரின் முதல் பகுதி முடிந்து சபைக்குச் சில வாரம் இடைவேளை விடுகிறார்கள் அல்லவா? அந்த இடைவேளையே இதற்காகத்தான். துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன. 1993-இல் 17 குழுக்களோடு தொடங்கியது, 2004-இல் 24 ஆனது. ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளும், அதாவது செலவுக்கு இவ்வளவு வேண்டும் என்று அவை கேட்பதும், இந்தக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். அவர்கள் அறிக்கை தந்த பிறகுதான் சபையில் விவாதம்.

சபையில் நான்கைந்து அமைச்சகங்களை மட்டும் விவாதத்துக்கு எடுப்பார்கள். மீதி எல்லாம் கடைசி நாளில் கில்லட்டின், அதாவது விவாதமே இல்லாமல் மொத்தமாக வாக்கெடுப்பு. 2018-இலும் 2023-இலும் மக்களவையில் ஒரே ஓர் அமைச்சகத்தின் கோரிக்கைகூட விவாதிக்கப்படவில்லை. 2023-இல் அப்படி நிறைவேறியது சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறுவதில்லை. அந்த இரண்டு ஆண்டுகளிலும் மக்கள் கையில் மிஞ்சியது நிலைக்குழு அறிக்கைகள் மட்டும்தான். தேர்வுக்காக இல்லாவிட்டாலும் அவற்றில் ஒன்றையாவது முழுசாகப் படியுங்கள்.

கேள்வி (மயூர் விஹார்): அந்தக் கூட்டத்தில் என்னதான் நடக்கும்? அமைச்சர் வந்து பதில் சொல்வாரா?

பதில்: அமைச்சர் வரமாட்டார். துறைச் செயலாளர் வருவார். அவருக்குப் பின்னால் இரண்டு மூன்று வரிசைகளில் கூடுதல் செயலாளர்கள், இணைச் செயலாளர்கள், நிதி ஆலோசகர். தலைவர் முதலில், இங்கே பேசுவதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்ற விதியை நினைவூட்டுவார். சில நிமிடத்துக்கு ஒருவராகச் சுருக்கெழுத்தாளர்கள் மாறி மாறி வந்து ஒரு வார்த்தை விடாமல் பதிவு செய்வார்கள். செயலாளர் தடுமாறினால் பின்வரிசையிலிருந்து துண்டுச் சீட்டு ஒன்று முன்னால் நகரும். அந்தச் சீட்டு எத்தனை தடவை நகர்கிறது என்பதை வைத்தே துறை எவ்வளவு தயாராக வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

உண்மையான வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடும். செயலகம் நீளமான கேள்விப் பட்டியல் ஒன்றைத் துறைக்கு அனுப்பி எழுத்தில் பதில் வாங்கும். அதில் முக்கியமானவை மூன்று நெடுவரிசைகள்: பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு. உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு திட்டத்துக்குப் போன வருஷம் 100 கோடி ஒதுக்கினார்கள், நடுவில் 60 ஆகத் திருத்தினார்கள், ஜனவரி முடிய 31 கோடிதான் செலவாகியிருக்கிறது. இந்த வருஷம் 120 கேட்கிறார்கள். விவரம் தெரிந்த எம்.பி. ஒருவர், "போன வருஷத்து 31-ஐயே செலவழிக்கத் திணறினீர்கள், இந்த 120-ஐ எப்படி?" என்று கேட்பார். "மாநிலங்கள் பயன்பாட்டுச் சான்றிதழ் தரவில்லை" என்று பதில் வரும். கொடுத்த பணத்தைச் செலவழித்துவிட்டோம் என்று காட்டும் சான்று அது. அங்கே விட்டுவிட்டால் போச்சு. எந்த மாநிலம், எத்தனை கோடிக்குச் சான்றிதழ் பாக்கி, நீங்கள் எந்தத் தேதியில் நினைவூட்டல் அனுப்பினீர்கள் என்று அடுத்தடுத்து கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். பதில் கையில் இல்லையென்றால் "எழுத்தில் தருகிறோம்" என்பார்கள். அப்படித் தந்த எழுத்தும் அறிக்கையில் ஏறும்.

மார்ச் மாதச் செலவையும் தவறாமல் பார்க்க வேண்டும். கடைசி மூன்று மாதங்களில் ஆண்டு ஒதுக்கீட்டின் 33 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, மார்ச்சில் மட்டும் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று நிதி அமைச்சகமே வரம்பு வைத்திருக்கிறது. அதைத் தாண்டிய துறையைப் பார்த்தால், பணம் மக்களுக்குப் போனதா, இல்லை ஏதாவது ஒரு நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் போய் உட்கார்ந்ததா என்று கேட்டாக வேண்டும்.

கேள்வி (முனிர்க்கா): கேமராவை உள்ளே விட்டால் என்ன? நம் பணம்தானே, அண்ணா?

பதில்: நியாயமான கேள்விதான். ஆனாலும் மூடிய கதவு ஒருவகையில் நல்லது என்றே சொல்வேன். கேமரா இல்லாததால் ஆளுங்கட்சி எம்.பி.யும் சொந்த அரசின் துறையை நேருக்கு நேர் கேட்கிறார். கட்சி அங்கே கொஞ்சம் பின்னால் போய்விடுகிறது. உடன்படாதவர்கள் தனிக் குறிப்பு எழுதி நிலைக்குழு அறிக்கையோடு இணைக்கலாம். எனக்குக் குறையாகப் படுவது வேறு. குழுவின் ஆயுள் ஓராண்டுதான். ஒரு துறையின் கணக்கு பிடிபட ஆரம்பிக்கும்போது உறுப்பினரை வேறு குழுவுக்கு மாற்றிவிடுகிறார்கள். மக்களவையின் காலம் முழுக்க ஒரே குழுவில் இருக்க விட வேண்டும்.

கேள்வி (துவாரகா): எங்கள் பக்கத்து துவாரகா எக்ஸ்பிரஸ்வேயில் கிலோமீட்டருக்கு 18 கோடி 250 கோடியானது என்று அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. சொன்னதே. அப்புறம் ஒருவரும் தண்டிக்கப்பட்டதாகத் தெரியவில்லையே?

பதில்: 2023 ஆகஸ்டில் வந்த அறிக்கை அது. மத்திய அமைச்சரவையின் பொருளாதாரக் குழு கிலோமீட்டருக்கு 18.20 கோடி என்று ஒப்புதல் தந்திருந்தது, நெடுஞ்சாலை ஆணையம் 250.77 கோடிக்கு அனுமதித்தது என்று தணிக்கை சுட்டிக்காட்டியது. உயர்த்திக் கட்டிய எட்டு வழிப் பாதையைச் சராசரி விலையோடு ஒப்பிடக்கூடாது என்பது அரசுத் தரப்பு வாதம். அந்த வாதத்தில் சாரம் உண்டு. ஆனால் வடிவமைப்பு இவ்வளவு மாறும்போது அதை முடிவு செய்தது யார், மறுபடி மேலே ஒப்புதலுக்குப் போனதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சி.ஏ.ஜி. தண்டிக்கும் அதிகாரி இல்லை. அவர் கண்டதை எழுதிக் குடியரசுத் தலைவரிடம் தருவார், அது இரு அவைகளிலும் வைக்கப்படும். அதன்பின் எம்.பி.க்கள் அடங்கிய பொதுக் கணக்குக் குழு சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து விசாரிக்கும். எல்லாவற்றையும் எடுக்க நேரம் போதாது. எடுக்காதவற்றுக்கும் துறை நான்கு மாதத்தில் நடவடிக்கைக் குறிப்பு அனுப்ப வேண்டும் என்பது விதி. அதே ஆகஸ்டில்தான் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சுமார் 7.5 லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே கைபேசி எண்ணில் பதிவாகியிருப்பதையும் தணிக்கை கண்டுபிடித்தது. சிகிச்சைக்குக் கைபேசி எண் கட்டாயமில்லை என்று விளக்கம் வந்தது. சரி, கட்டாயமில்லாத இடத்தில் பொய் எண் ஏன் ஏறியது என்று கேட்க ஒரு குழு வேண்டும்.

இன்னொன்று. தணிக்கை அறிக்கையை எத்தனை நாளுக்குள் சபையில் வைக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 151-ஆம் பிரிவு சொல்லவில்லை. அந்த ஓட்டையை அடைத்தே ஆக வேண்டும்.

கேள்வி (ஆர்.கே. புரம், ஓய்வு பெற்ற அரசு ஊழியர்): பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சிக்காரர் தலைவராவது என்ற வழக்கம் எப்போதிலிருந்து? தமிழர் யாராவது இருந்தாரா?

பதில்: குழு 1921-லேயே இருக்கிறது. எதிர்க்கட்சிக்காரர் தலைவராவது 1967 முதல். மினு மசானி, அடுத்து வாஜ்பாய், அதன்பின் 1971 முதல் 1973 வரை நம் இரா. செழியன். கணக்கில் அவருக்கு இருந்த பிடிப்பு டெல்லியில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கேள்வி கேட்பது எதிர்க்கட்சியின் வேலை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள் ஐயா. 1957-இல் எல்.ஐ.சி. பணம் தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிகளில் போனதைக் கிளப்பியவர் ஆளுங்கட்சியின் பெரோஸ் காந்தி. அதனால் 1958 பிப்ரவரியில் பதவி விலகிய நிதி அமைச்சர் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி.

கேள்வி (டெல்லி பல்கலைக்கழக மாணவி): குழு பரிந்துரைப்பதை அரசு ஏற்றே ஆக வேண்டுமா? இல்லையென்றால் என்ன பயன்?

பதில்: கட்டாயம் இல்லை, அம்மா. ஆனால் மூன்று மாதத்தில் ஒவ்வொரு பரிந்துரைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அதை வைத்துக் குழு "எடுக்கப்பட்ட நடவடிக்கை" அறிக்கை என்று இன்னொன்று வெளியிடும். மக்களவைக் குழுக்களின் அந்த அறிக்கையில் நேராக நான்காம் அத்தியாயத்துக்குப் போய்விடுங்கள். அரசு சொன்ன பதிலைக் குழு ஏற்காத பரிந்துரைகள் அங்கேதான் இருக்கும். ஒரு துறை எதை மழுப்புகிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. பத்திரிகைகள் முதல் அறிக்கையோடு நிறுத்திவிடுகின்றன. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

பயன் இருக்கிறதா என்று கேட்டீர்கள். 2012 மே மாதம் சுகாதார நிலைக்குழு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றி அறிக்கை தந்தது. மருந்துகள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து அனுமதிக் கோப்புகளைக் கேட்டார்கள். பெஃப்ளாக்ஸசின், லோமெஃப்ளாக்ஸசின், ஸ்பார்ஃப்ளாக்ஸசின் என்ற மூன்று மருந்துகளின் கோப்புகளைக் காணவே இல்லை. இந்திய நோயாளிகளிடம் சோதிக்காமலேயே பல புது மருந்துகள் அனுமதி பெற்றிருந்ததும் தெரியவந்தது. அடுத்த ஆண்டு அனுமதி முறையைச் சீரமைக்க நிபுணர் குழு அமைந்தது. கோப்பைக் கொண்டு வா என்று கேட்டதில் தொடங்கியது அத்தனையும்.

2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் மகளிர் அதிகாரமளித்தல் குழு, "பேட்டி பச்சாவ் பேட்டி படாவ்" (பெண் குழந்தையைக் காப்போம், படிக்க வைப்போம்) திட்டத்தின் கணக்கைப் பார்த்தது. 2016 முதல் 2019 வரை விடுவித்த 446.72 கோடியில் 78.91 சதவீதம் விளம்பரத்துக்கே போயிருந்தது. பெண் குழந்தையின் படிப்புக்கும் உடல்நலத்துக்கும் செலவழியுங்கள் என்று குழு சொன்னது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆளுங்கட்சி எம்.பி. என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி (நரேலா, முன்பு ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் குடிசைப் பகுதி): ஐயா, 2025 ஜூனில் எங்கள் வீடுகளை இடித்தார்கள். மாற்று வீடு கிடைத்தது பாதிப் பேருக்குக் கொஞ்சம் மேல். கிடைத்த இடத்திலிருந்து வேலைக்கும் பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்கும் 30 கிலோமீட்டருக்கு மேல். நாடாளுமன்றம் எங்களுக்கு என்ன செய்யும்?

பதில்: இங்கே வந்த கேள்விகளில் எனக்கு முக்கியமானது உங்களுடையதுதான். அதனால் பிரித்துச் சொல்கிறேன். இடிப்பு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடந்தது. நீதிமன்றத்தில் நிற்கும் விஷயத்தை நாடாளுமன்றக் குழு தொடாது. மறுகுடியேற்ற வாரியம், பேருந்து, பள்ளி இவை டெல்லி அரசைச் சேர்ந்தவை. அவற்றுக்கு உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. வழியாக டெல்லி சட்டமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் ஜே.என்.என்.யு.ஆர்.எம். என்ற பழைய நகர்ப்புறத் திட்டத்தின் வீடுகள் மத்திய அரசின் பணம் போட்டுக் கட்டியவை. டெல்லி வளர்ச்சி ஆணையமான டி.டி.ஏ.வும் மத்திய வீட்டுவசதி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. டெல்லியில் அந்தத் திட்டத்தில் கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகள் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தன. இதைக் கேட்கும் முழு உரிமை வீட்டுவசதி நிலைக்குழுவுக்கு உண்டு.

முதலில் ஓர் எம்.பி.யைப் பிடியுங்கள். தமிழ்நாட்டு எம்.பி. மக்களவையில் 39, மாநிலங்களவையில் 18 பேர். கூட்டத்தொடர் நடக்கும்போது சாணக்கியபுரி தமிழ்நாடு இல்லத்தில் பலரைப் பார்க்கலாம். எங்களுக்கு உதவுங்கள் என்று மட்டும் சொன்னால் ஒரு கடிதத்தோடு முடிந்துவிடும். எழுத்தில் பதில் வரும் கேள்வியாகவே கையில் கொடுங்கள்: டெல்லியில் இத்திட்டத்தில் கட்டிய வீடுகள் எத்தனை, மக்கள் குடியேறியவை எத்தனை, காலியாக உள்ளவை எத்தனை, பழுதுபார்க்க ஆண்டுவாரியாக ஒதுக்கியதும் செலவழித்ததும் எவ்வளவு, அங்கே தண்ணீர் இணைப்பு எத்தனை வீட்டுக்கு இருக்கிறது. கேள்வியைக் குறைந்தது 15 நாள் முன்னதாக அவர் கொடுக்க வேண்டும், அதனால் கூட்டத்தொடர் தேதி அறிவித்தவுடனேயே போய்ப் பாருங்கள்.

பதில் வந்ததும் அதிலுள்ள விவரங்களைச் சேர்த்து மக்களவைக்கு மனு எழுதுங்கள், அதை மனுக்கள் குழு பரிசீலிக்கும். எம்.பி. ஒருவர் மேலொப்பம் போட வேண்டும். மனுவில் கோபத்தைக் குறைத்து விவரத்தைக் கூட்டுங்கள்: எந்த பிளாக், எந்தத் தளம், எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர், எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றார்கள். வீடு கிடைக்காதவர்களின் விவரத்தையும் மனுவிலேயே எழுதுங்கள். கேம்ப்பில் பெரியவர்கள் யாராவது நான்கு பேர் உட்கார்ந்து இதைத் தயார் செய்தால், ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதித் தருவது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் நானே நரேலாவுக்கு வருகிறேன்.